ட்யூனரிலிருந்து ஒலிப்பதிவு: இரைச்சல் எங்கே நுழைகிறது, சிக்னலை எங்கே எடுப்பது?

ஸ்பீக்கரில் கேட்கும்போது நன்றாக இருந்த எஃப்எம் நிகழ்ச்சியைப் பதிவு செய்து ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டால், பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல். சிலருக்குக் குரல் உடைந்து கரகரக்கிறது. இன்னும் சிலருக்கு அடியில் ஒரு ரீங்காரம் விடாமல் ஓடுகிறது. உடனே பதிவுக் கருவியைத்தான் சந்தேகப்படுவோம். வேறு ஒயர் வாங்கிப் போடுவோம், மென்பொருளை மாற்றுவோம், இரைச்சல் நீக்கும் வசதியை ஓட்டிப் பார்ப்போம்.

இந்த மூன்று கோளாறுகளும் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. இரைச்சல் பெரும்பாலும் ஆண்டெனாவில் தொடங்குகிறது. கரகரப்புக்கு லெவல், அதாவது சிக்னலின் அளவு, காரணமாக இருக்கலாம், கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலையும் காரணமாக இருக்கலாம். ரீங்காரம் எர்த் சம்பந்தப்பட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது ஒலிப்பதிவுக்கு அப்படியே பொருந்தும். ட்யூனருக்குள் சுத்தமாக வராத சிக்னலை எந்த மென்பொருளும் பிறகு சுத்தமாக்கிவிடாது. அதனால் சிக்னல் போகும் வழியிலேயே, ஆண்டெனாவில் தொடங்கி வரிசையாகப் பார்ப்போம்.

ட்யூனர் எது, ரிசீவர் எது

பழைய ஸ்டீரியோ செட்டுகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி இருக்கும். வானொலி அலையைப் பிடித்து அதிலிருந்து ஒலி சிக்னலைப் பிரித்துத் தருவது ட்யூனர். ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அதற்குக் கிடையாது. பல ட்யூனர்களில் வால்யூம் குமிழ்கூட இருக்காது. அந்த வேலை ஆம்ப்ளிஃபயருடையது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் அதற்கு ரிசீவர் என்று பெயர்.

பின்பக்கத் துளைகளைப் பார்த்துக் குழம்புவதற்கு முன், மூன்று சிக்னல் அளவுகளைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. மைக் லெவல்: ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். மைக் துளை இந்தச் சிறிய அளவை எதிர்பார்த்து, வருவதை மிக அதிகமாகப் பெருக்கும்.
2. லைன் லெவல்: ஏறத்தாழ கால் வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை. ட்யூனர், கேசட் டெக் போன்றவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்த அளவில்தான்.
3. ஸ்பீக்கர் லெவல்: பல வோல்ட், கூடவே கணிசமான கரண்ட். பதிவுக் கருவியின் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது.

லைன் லெவலில் வெளியே வருவதை லைன் லெவல் துளையில் கொடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். பதிவு கெட்டுப்போன பல கதைகளில் லைன் சிக்னலை மைக் துளையில் செருகியிருப்பார்கள்.

பெட்டிக்குள் நடப்பது

உலகின் பெரும்பாலான நாடுகளில் எஃப்எம் ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. இத்தனை நிலையங்களில் ஒன்றை மட்டும் வடிகட்டி எடுக்க, ட்யூனர் ஒரு தந்திரம் செய்கிறது. வடிகட்டியை ஒவ்வொரு நிலையத்துக்கும் நகர்த்துவதற்குப் பதிலாக, எந்த நிலையமானாலும் அதை 10.7 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணுக்கு இறக்கிவிடுகிறது. 101.4 மெகாஹெர்ட்ஸ் நிலையம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் அலையாக்கி 112.1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 10.7. அந்த ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் மிகக் கச்சிதமான வடிகட்டி வைத்தால் போதும். சூப்பர்ஹெட்டரோடைன் எனப்படும் இந்த முறையை 1918-இல் உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். அகலப்பட்டை எஃப்எம் முறைக்கு 1933-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. நம் ட்யூனரின் இரண்டு முக்கிய அடுக்குகளும் ஒரே ஆளின் மூளையிலிருந்து வந்தவை.

எஃப்எம்மில் செய்தி அலையின் அதிர்வெண் மாற்றத்தில் இருக்கிறது, உயரத்தில் இல்லை. அதனால் உள்ளே வரும் அலையின் உயர ஏற்றத்தாழ்வை லிமிட்டர் என்ற பகுதி வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. மின்னல், மோட்டார், சுவிட்ச் கிளப்பும் படபடப்பு எல்லாம் உயரத்தில்தான் ஏறிக்கொள்ளும் என்பதால் வெட்டோடு அதுவும் போய்விடும். ஏஎம்மில் செய்தியே உயரத்தில்தான் இருக்கிறது. வெட்டினால் நிகழ்ச்சியும் சேர்ந்து போய்விடும். மத்திய அலையைக் கேட்கும்போது பக்கத்து அறையின் எல்இடி விளக்கும் சேர்ந்து பாடுவது இதனால்தான்.

ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும் விலை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் நல்லது. எஃப்எம் பதிவின் இரைச்சல் புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் விடை இருக்கிறது என்பது என் கணிப்பு.

எஃப்எம் முதலில் ஒற்றைச் சேனலாக, அதாவது மோனோவாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டீரியோ கொண்டுவரும்போது ஒரு நிபந்தனை: ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் மோனோ ரேடியோக்களும் அதே ஒலிபரப்பைக் கேட்க முடிய வேண்டும். 1961-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவிய முறை இதை இப்படிச் சமாளித்தது:

1. இடது, வலது இரண்டையும் கூட்டிய சிக்னல் 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான வழக்கமான இடத்தில் போகும். மோனோ ரேடியோவுக்கு இது போதும்.
2. இடதிலிருந்து வலதைக் கழித்த வித்தியாச சிக்னல், 38 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றி அனுப்பப்படும்.
3. ‘இது ஸ்டீரியோ’ என்று ட்யூனருக்கு அறிவிக்க 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய தொடர் ஒலி கூடவே போகும். இதற்குப் பைலட் என்று பெயர். முகப்பில் ஸ்டீரியோ விளக்கு எரிவது இதைக் கண்டுகொண்டுதான். இதை இரட்டித்தே ட்யூனர் 38 கிலோஹெர்ட்ஸையும் உண்டாக்கிக்கொள்கிறது.

கூட்டலையும் கழித்தலையும் மறுபடி சேர்த்தால் இடது கிடைக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வலது கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்கு.

சிக்கல் எங்கே என்றால், எஃப்எம்மில் இரைச்சல் எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறுகிறது. வித்தியாச சிக்னல் உட்கார்ந்திருப்பதோ 23 முதல் 53 வரை, அதாவது இரைச்சல் மிகுந்த மேல்மாடியில். அதைக் கீழே இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்குகிறது. அதே சிக்னலை மோனோவில் கேட்பதைவிட ஸ்டீரியோவில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் கூடுதல். மின்னழுத்தக் கணக்கில் 10 மடங்கு. ட்யூனரின் விவரத்தாளைப் புரட்டினால், ஓரளவு சுத்தமான ஒலிக்குத் தேவைப்படும் குறைந்தபட்ச சிக்னல் வலிமை மோனோவுக்கு ஒன்றும் ஸ்டீரியோவுக்கு அதைவிட மிகப் பெரிய ஒன்றுமாகப் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. தூரத்து நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். ஸ்டீரியோ விளக்கு அசையாமல் எரியும், அறிவிப்பாளர் பேசுவார், அவர் மூச்சு விடும் இடைவெளியில் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். இப்போது மோட் அல்லது மோனோ என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். விளக்கு அணையும், இரைச்சல் சட்டென்று விழும், குரல் அப்படியே இருக்கும். பேச்சு, நேர்காணல், நாடகம் இவற்றைப் பதிவு செய்யும்போது மோனோவில் வைப்பதில் இழப்பு மிகக் குறைவு. இசைக்குத்தான் யோசிக்க வேண்டும். சில ட்யூனர்களில் ஹை பிளெண்ட் என்று ஒரு நடுவழி உண்டு: மேல் அதிர்வெண்களை மட்டும் மோனோவாக்கி இரைச்சலை அடக்கும், கீழே ஸ்டீரியோ விரிவை விட்டுவைக்கும். சுமாரான சிக்னலில் இசை பதிவதற்கு இது நல்ல சமரசம்.

ஆண்டெனா

இரைச்சலைக் குறைக்க மோனோ ஒரு வழி. வலிமையான சிக்னல் கொடுப்பது அதைவிடச் சரியான வழி. ட்யூனரோடு வரும் ‘டி’ வடிவ ஒயர் ஆண்டெனாவைப் பலரும் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார்கள். அது விரித்து வைக்கப்பட வேண்டிய பொருள்.

98 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 3.06 மீட்டர். பாதி அலைநீளம் 1.53 மீட்டர். உலோகத்தில் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் இருமுனை ஆண்டெனாவின் குறுக்குக் கை சுமார் 1.45 மீட்டர் வரும். அந்த நீளம் முழுவதும் நேராக விரிந்திருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். கையின் இரு முனைகள் சுட்டும் திசையில் அது கிட்டத்தட்ட செவிடு. பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே நிலையத்தின் கோபுரம் இருக்கும் திசைக்குக் குறுக்காக விரிக்க வேண்டும். சில நிலையங்கள் செங்குத்து அலையாகவும் அனுப்பும் என்பதால் நிமிர்த்திக் கட்டியும் ஒருமுறை பாருங்கள். மொட்டைமாடி ஆண்டெனாவுக்கு அறைக்குள் இருக்கும் எந்த ஒயரும் ஈடாகாது.

பின்பக்கத்தில் 300 ஓம், 75 ஓம் என்று இரண்டு இணைப்புகள் இருக்கலாம். தட்டையான இரட்டை ஒயர் 300-க்கு. டிவிக்கு வருவது போன்ற வட்டமான கோஆக்சியல் கேபிள் 75-க்கு. மாற்றிப் போட வேண்டியிருந்தால் நடுவே பாலன் என்ற சிறிய மாற்றி வேண்டும்.

சிக்னல் மீட்டரின் முள் முழுதாக ஏறிவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையோடு, கட்டடங்களிலும் மலைகளிலும் மோதித் திரும்பிய அலையும் நொடியில் மிக நுண்ணிய பங்கு தாமதத்தோடு வந்து சேரும். இரண்டும் மோதினால் ‘ச’, ‘ஷ’ வரும் சொற்களில் குரல் தெறிக்கும், வயலின் கீச்சிடும். முள் மட்டும் கம்பீரமாக உச்சியில் நிற்கும். இந்தக் கரகரப்பை லெவல் கோளாறு என்று நினைத்துப் பதிவுக் கருவியைத் திருகுவதில் பயனில்லை. ஆண்டெனாவை அரை மீட்டர், ஒரு மீட்டர் நகர்த்திப் பாருங்கள். அலைநீளமே 3 மீட்டர்தான் என்பதால் அந்த நகர்வே பெரிய மாற்றம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தெறிப்பு எந்த இடத்தில் அடங்குகிறதோ அங்கே ஒட்டிவிட வேண்டியதுதான்; மீட்டர் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை.

கோபுரத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு நேர் எதிர்த் தொல்லை: சிக்னல் அதிகமாகி, ஒரே நிலையம் டயலில் பல இடங்களில் எட்டிப்பார்க்கும். லோக்கல் (அருகில்), டிஎக்ஸ் (தூரம்) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் லோக்கலில் வையுங்கள்.

ஏஎம்முக்குத் தனியாக ஒரு சட்ட வடிவ வளைய ஆண்டெனா உண்டு. அதைச் சுழற்றினால் நிலையத்தின் வலிமையும் மாறும், குறுக்கிடும் இரைச்சலும் மாறும். கணினியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முகப்பில் உள்ள பொத்தான்கள்

1. ட்யூனிங். ஊசி நகரும் பழைய மாடல்களில் இரண்டு மீட்டர் இருக்கலாம். ஒன்று சிக்னல் வலிமை, மற்றது நடு மீட்டர். முதலில் வலிமை ஏறும்வரை திருப்பி, பிறகு நடு மீட்டரின் முள் சரியாக மத்தியில் நிற்கும்படி நுணுக்கமாகத் திருத்த வேண்டும். நடு தவறினால் உரத்த இடங்களில் ஒலி சிதையும். பழைய ட்யூனர் சூடாகும்போது ஊசி இடம் நகராமலேயே நிலையம் நகரக்கூடும். பதிவுக்குக் கால் மணி நேரம் முன்பே போட்டுவைப்பது நல்லது. எண் காட்டும் டிஜிட்டல் மாடல்களில் இந்தக் கவலை இல்லை.

2. மியூட்டிங். நிலையங்களுக்கு இடையே வரும் இரைச்சலை இது அடைத்துவிடும். கூடவே பலவீனமான நிலையங்களையும் விழுங்கிவிடும். ‘நிலையமே வரவில்லை’ என்று நினைத்தால் முதலில் இதை அணைத்துப் பாருங்கள். பல மாடல்களில் மோனோவும் மியூட்டிங்கும் ஒரே பொத்தானில் இருக்கும். அழுத்தினால் இரண்டும் சேர்ந்து மாறும்.

3. ஐஎஃப் பேண்ட்: வைட், நேரோ. அந்த 10.7 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியின் அகலம் இது. பக்கத்து நிலையம் உள்ளே வழிந்தால் நேரோ. இல்லாவிட்டால் எப்போதும் வைட், ஏனென்றால் அதில்தான் சிதைவு குறைவு.

4. டி-எம்ஃபசிஸ். இரைச்சலைக் குறைக்க நிலையங்கள் மேல் ஒலிகளைத் தூக்கி அனுப்பும். ட்யூனர் அதே அளவு இறக்கும். அமெரிக்க முறையில் இதன் அளவு 75 மைக்ரோவினாடி. ஐரோப்பா உள்ளிட்ட பெரும்பாலான இடங்களில் 50. ஒரு முறைக்குச் செய்த ட்யூனரை மற்ற முறை உள்ள நாட்டில் ஓட்டினால் ஒலி மந்தமாகவோ கூர்மையாகவோ வரும். பின்பக்கம் சுவிட்ச் இருந்தால் மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் டிரெபிள் குமிழால் கொஞ்சம் ஈடுகட்டலாம், ஆனால் அந்தக் குமிழ் பதிவைத் தொடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

5. ஏஎம் இடைவெளி. வட, தென் அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், மற்ற இடங்களில் 9-இல். டிஜிட்டல் ட்யூனர் தவறான படியில் தாவினால் நிலையத்தின் மேல் சரியாக இறங்காது.

சிக்னலை எங்கே எடுப்பது

ட்யூனரின் பின்பக்கம் வெள்ளை, சிவப்பு என இரண்டு ஆர்சிஏ துளைகள். வெள்ளை இடது, சிவப்பு வலது. அதிலிருந்து நேராகப் பதிவுக் கருவிக்கு ஒயர் போட்டால் அதைவிடக் குறுகிய, சுத்தமான வழி இல்லை. ஆனால் அப்போது ஸ்பீக்கரில் கேட்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போக வேண்டும். அங்கே துளைகள் வரிசையாக இருக்கும்:

1. டேப் அவுட் அல்லது ரெக் அவுட்: பதிவுக்காகவே வைத்தது. வால்யூம், பாஸ், டிரெபிள் குமிழ்களுக்கு முன்பிருந்தே சிக்னலைப் பிரித்து எடுத்துத் தரும். நள்ளிரவில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் பதிவு முழு அளவில் ஓடும். இதுதான் நமக்கு வேண்டியது.

2. ப்ரீ அவுட்: வால்யூம் குமிழுக்குப் பிந்தையது. நடுவில் யாராவது சத்தத்தைக் கூட்டினால் பதிவிலும் கூடும்.

3. ஹெட்ஃபோன் துளை: ரெக் அவுட் இல்லாத புதிய ரிசீவர்களில் வேறு வழியில்லாதபோது. வால்யூமைக் குறைவாக வைத்துத் தொடங்கி, சரியான அளவு வந்ததும் குமிழைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

4. ஸ்பீக்கர் முனைகள்: வேண்டவே வேண்டாம். அளவு அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. சில ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு முனை எர்த் கிடையாது. அதைக் கணினியின் எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயரே போய்விடக்கூடும்.

ஃபோனோ என்று எழுதிய உள்ளீட்டில் ட்யூனரைச் செருகுவது இன்னொரு பொதுவான தவறு. அது இசைத்தட்டின் ஊசி தரும் நுண்ணிய சிக்னலுக்கானது. சுமார் 100 மடங்கு பெருக்கி, பாஸையும் ஏற்றிவிடும். வருவது வெறும் கர்ஜனைதான்.

அப்புறம் டேப் மானிட்டர் பொத்தான். இதை அழுத்தினால் ஆம்ப்ளிஃபயர் ட்யூனரை விட்டுவிட்டு, பதிவுக் கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்கும். அங்கே எதுவும் இணைக்கப்படவில்லை என்றால் முழு அமைதி. ‘ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது’ என்று பழுதுபார்க்க எடுத்துப் போகும் பெட்டிகளில் சிலவற்றுக்கு இந்தப் பொத்தானை வெளியே எடுத்துவிட்டாலே உயிர் வந்துவிடும்.

பதிவுக் கருவியின் பக்கம்

மேசைக் கணினியில் வெளிர் நீலத் துளை லைன் இன், இளஞ்சிவப்பு மைக், பச்சை வெளியீடு. நீலத்தில் செருக வேண்டும். மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் உள்ளீடு மைக் லெவல், அதுவும் மோனோ. அங்கே ட்யூனரைக் கொடுத்தால் ஒலி நசுங்கித்தான் வரும். லைன் இன் உள்ள யூஎஸ்பி ஒலிக் கருவி ஒன்றைச் சேர்ப்பதே சரியான தீர்வு. கையடக்கப் பதிவுக் கருவியில் மைக், லைன் இரண்டுக்கும் ஒரே துளை இருந்தால் மெனுவில் லைன் என்று மாற்ற மறக்காதீர்கள்.

கணினியின் ஒலி அமைப்புகளில் இரைச்சல் அடக்கம், எதிரொலி நீக்கம், தானியங்கி லெவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை தொலைபேசிப் பேச்சுக்காக எழுதப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

லெவல் வைப்பதில் எஃப்எம் ஒரு வசதி தருகிறது. ஒலிபரப்பு அலை தன் மைய அதிர்வெண்ணிலிருந்து 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. அதிர்வெண் விலகல்தான் ஒலியின் அளவு என்பதால், ட்யூனரின் வெளியீட்டுக்கும் ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. கச்சேரி மேடையில் மைக் வைப்பவருக்குத் திடீர்த் தவில் அடி பயம். நமக்கு அது இல்லை. உரத்துப் பேசும் விளம்பரம் ஒன்று ஓடும்போது, பதிவு மீட்டரில் ஒலியின் உச்சம், மேல் எல்லையான பூஜ்யத்துக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே நிற்கும்படி ஒருமுறை வைத்துவிட்டால் போதும். எல்லா நிலையங்களுக்கும் ஏறத்தாழ அதே அமைப்பு செல்லும். கொஞ்சம் கீழே வைத்தால் தரம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். 16 பிட் பதிவின் வீச்சு, அதாவது அடித்தள இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 96 டெசிபெல். வீட்டில் பிடிக்கும் எஃப்எம் 70-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்பட்ட உச்சியைத்தான் திரும்பப் பெற முடியாது.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பெரிய எண்களைத் தேடவும் தேவையில்லை. எஃப்எம்மின் ஒலியே 15 கிலோஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தாராளம். 44.1-இல் சுருக்கப்படாத ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் தரம் சற்றும் குறையாமல் அளவு குறையும். 192 கிலோபிட் எம்பி3 என்றால் மணிக்கு 86 மெகாபைட். வெட்டி ஒட்டும் வேலை இருந்தால் அதை முடித்த பிறகே எம்பி3 ஆக்குங்கள்.

இன்னும் கேசட்டில் பதிபவர்களுக்கு ஒரு குறிப்பு: டெக்கில் எம்பிஎக்ஸ் ஃபில்டர் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் எஃப்எம் பதிவின்போது போட்டுவையுங்கள். ட்யூனரிலிருந்து கசியும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் நம் காதுக்கு எட்டாவிட்டாலும், டால்பி இரைச்சல் குறைப்பு அதை உண்மையான மேல் ஒலி என்று நம்பித் தவறாகக் கணக்குப் போட்டுவிடும்.

ஆளில்லாமல் பதிவது

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் நேரம் குறித்துப் பதியும் வசதி உண்டு. சுவர் டைமரில் ட்யூனரைச் செருகி வைப்பதாக இருந்தால், மின்சாரம் வந்ததும் அது தானாக ஆன் ஆகிக் கடைசி நிலையத்துக்குப் போகிறதா என்று முன்பே சோதியுங்கள். அமுக்கினால் உள்ளேயே நிற்கும் பவர் பொத்தான் உள்ள பழைய மாடல்கள் பொதுவாக ஒத்துழைக்கும். ரிமோட்டுக்குக் காத்திருக்கும் மாடல்கள் காத்திருந்துகொண்டேதான் இருக்கும். கணினி தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அறிவிப்புச் சத்தங்களையும் அணைக்க வேண்டும். இரவு முழுக்கப் பதிவதென்றால் வேவ் கோப்புக்கு 4 ஜிகாபைட் எல்லை உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும், 44.1 கணக்கில் அது ஆறே முக்கால் மணி நேரம்.

ரீங்காரம்

மின்வாரிய அதிர்வெண்ணில் ‘ம்ம்’ என்று ஓடும் ஒலி எர்த் வளையத்தால் வருவது. மொட்டைமாடி ஆண்டெனா அல்லது கேபிள் டிவி ஒயர் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், கணினி இன்னோரிடத்தில். இரண்டையும் ஒலி ஒயர் இணைத்ததும் வளையம் முழுமையாகிவிடுகிறது. கண்டுபிடிக்கும் வரிசை:

1. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். ரீங்காரம் நின்றால் வளையம் அந்த வழியாகத்தான்.
2. நிற்காவிட்டால் ட்யூனரின் ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள். நிகழ்ச்சி போய்விடும், ரீங்காரமும் போகிறதா என்பதுதான் கேள்வி.
3. எந்த இடத்தில் நின்றதோ அந்த ஒயரில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேருங்கள். ஆண்டெனாவுக்கு வேறு, ஒலி ஒயருக்கு வேறு.

பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கும்தான். கூடவே, கோளாறு வந்தால் ஷாக்கிலிருந்து காக்கும் முக்கிய வழியும் போய்விடும். செய்யாதீர்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது

பைலட்டின் கசிவு பதிவிலும் இருக்கலாம். மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் படம்) 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் வடிகட்டியை ஒருமுறை ஓட்டினால் போய்விடும். அதற்கு மேல் நிகழ்ச்சி எதுவும் இல்லை.

சொந்தமாகக் கேட்பதற்கான பதிவை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. அதை இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் வேறு விஷயம்; அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

எஃப்எம் எல்லா இடத்திலும் நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. நார்வே 2017-இல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியோடு தன் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தியது. அங்கெல்லாம் ட்யூனர் மாறும். ஆனால் லைன் அவுட், ரெக் அவுட், லெவல் பற்றி மேலே சொன்னவை டிஜிட்டல் ட்யூனருக்கும் அப்படியே செல்லும்.

கடைசியாக ஒன்று. ட்யூனரின் திரையில் ஓடும் நிலையப் பெயரும் பாட்டு விவரமும் ஆர்டிஎஸ் என்ற தரவு. அது 57 கிலோஹெர்ட்ஸில் தனியாக வருகிறது; ட்யூனர் அதைப் படித்துத் திரையில் காட்டுமே தவிர, ஆர்சிஏ ஒயரில் அனுப்பாது. ஆகவே பதிவுக் கோப்பில் நிலையத்தின் பெயர், தேதி, நேரம் எதுவுமே தானாக ஏறாது. பதிவு முடிந்த கையோடு கோப்பின் பெயரிலேயே அவற்றைத் தட்டச்சு செய்துவிடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.